பிக்கப்பில் எரியும் சர்வீஸ் விளக்கு: எப்போது அணைக்கலாம், எப்படி அணைப்பது?

சிங்கப்பூரில் கம்பெனி பிக்கப்பின் சாவி கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே புதிய டிரைவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, டேஷ்போர்டில் மஞ்சளாக ஒன்று எரிகிறது, ஓட்டலாமா?” ஓட்டலாம் என்று சொன்னதும் அடுத்த கேள்வி, “அதை எப்படி அணைப்பது?” இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. எண்ணெய் மாற்றியாயிற்றா?

அந்த விளக்கு இன்ஜின் எண்ணெயைத் தொட்டுப் பார்த்து எரிவதில்லை. கடைசியாக ரீசெட் செய்த, அதாவது அதன் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த, நாளிலிருந்து வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எண்ணிக்கொண்டே வரும். குறித்த எண் வந்ததும் எரியும். நேற்றுதான் புது எண்ணெய் ஊற்றியிருந்தாலும், ரீசெட் செய்யாவிட்டால் எரியத்தான் செய்யும். எண்ணெய் தார் மாதிரி கிடந்தாலும், போன வாரம் யாராவது ரீசெட் செய்திருந்தால் எரியாது. எரிகிற வண்டியைவிட இந்த எரியாத வண்டிதான் எனக்குப் பயம். சில வண்டிகள் மாதத்தையும், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற சில வண்டிகள் ஓட்டும் விதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதுவும் கணக்குதான்.

முதலில், எரிவது எந்த விளக்கு?

அணைக்கப் போகுமுன் விளக்கை நன்றாகப் பாருங்கள். சர்வீஸ் நினைவூட்டல் என்றால் மஞ்சள் நிறத்தில் ஸ்பேனர் படம் வரும், அல்லது ‘மெயின்டனன்ஸ் ரிக்வயர்ட்’ என்பதைச் சுருக்கிய ஆங்கில எழுத்துகள் எரியும். புதிய வண்டிகளில் நடுவில் இருக்கும் சின்னத் திரையில் வாசகமாகவே வரும். இது எரிந்தால் அவசரம் இல்லை. அன்றைய வேலையை முடித்துவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்கு நாள் குறிக்கச் சொல்லி ஆபீசில் தெரிவித்தால் போதும்.

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கேன் படம், மூக்கில் ஒரு சொட்டோடு எரிந்தால் கதையே வேறு. எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். “சைட் பக்கத்தில்தானே, போய்விடலாம்” என்று ஓட்டினால் இன்ஜின் போய்விடும். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் ஈமாஸ் (எக்ஸ்பிரஸ்வே கண்காணிப்பு அமைப்பு) மீட்பு வண்டி வந்து, அருகில் அதற்கென்று குறித்திருக்கும் கார் பார்க் வரை இலவசமாக இழுத்துப்போய் விடும். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல், முடிந்தால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

மஞ்சளில் இன்ஜின் வடிவம் எரிந்தால் அது கோளாறு விளக்கு. அதை இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த வழியிலும் அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது. பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஒரு படம் வந்தால் புகைவடிகட்டி, அதாவது டிபிஎஃப், அடைக்கத் தொடங்கியிருக்கிறது. வடிகட்டிப் படத்துக்குக் கீழே நீர்த்துளி போல வந்தால் டீசல் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இவை எல்லாமே மஞ்சள் என்பதால்தான் ஆள் குழம்பிப்போகிறார்.

பழைய ஹைலக்ஸ், டைனா, ஹையேஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2.5 லிட்டர், 3.0 லிட்டர் டி-4டி டீசல் இன்ஜின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அதற்கென்று ‘டி-பெல்ட்’ என்று தனி விளக்கு உண்டு. பல சந்தைகளில் 1,50,000 கி.மீ. ஆனதும் எரியும். இதையும் பொத்தான் வைத்து அணைக்க முடியும், வீடியோக்களும் கிடைக்கின்றன. பெல்ட்டை மாற்றாமல் அணைத்துவிட்டு ஓட்டினால், அது அறுகிற நாளில் பிஸ்டன் வால்வை இடித்து இன்ஜினே உடைந்துபோகும். எண்ணெய் விளக்கில் ஏமாந்தால் இன்ஜினின் ஆயுள் குறையும். பெல்ட் விளக்கில் ஏமாந்தால் அன்றைக்கே முடிந்தது. பின்னால் வந்த 2.4, 2.8 லிட்டர் இன்ஜின்களில் செயின் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மின்னியல் சாலைக் கட்டணமான இஆர்பிக்காக வண்டிக்குள் புதிதாகப் பொருத்தியிருக்கும் ஓபியு பெட்டி கத்துவதற்கும், அதில் விளக்கு எரிவதற்கும் வண்டியின் சர்வீஸுக்கும் சம்பந்தமே இல்லை. இதையும் கேட்டவர்கள் இருக்கிறார்கள்!

எண்ணெய் மாற்றியாயிற்றா என்று உறுதி செய்வது

ஒரே பிக்கப்பை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவது இங்கே சகஜம். அதனால் நீங்கள் ஏறும்போது விளக்கு எரிந்தால், போன டிரைவர் எண்ணெய் மாற்றிவிட்டு ரீசெட் செய்ய மறந்திருக்கலாம். மாற்றாமலே விட்டும் இருக்கலாம். கண்ணாடியின் மேல் மூலையிலோ கதவுத் தூணிலோ ஒர்க்‌ஷாப் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சர்வீஸ் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று அதில் பேனாவால் எழுதியிருப்பார்கள். வெயிலில் மை மங்கிப்போய், 8 எது 3 எது என்று தெரியாமல் நிற்கும் ஸ்டிக்கர்தான் பாதிக்கு மேல். அப்படி இருந்தால் கிளவ் பாக்ஸில் பில் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆபீசில் கேளுங்கள், இன்வாய்ஸ் அவர்களிடம் இருக்கும்.

அப்புறம் டிப்ஸ்டிக், அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விடுங்கள். கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். டீசல் இன்ஜினில் புது எண்ணெயும் சீக்கிரமே கறுத்துவிடும். கறுப்பு என்பதாலேயே கெட்டது என்று ஆகாது. அளவைத்தான் பார்க்க வேண்டும்.

அளவு குறைந்திருந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடியிருந்தாலும் ஆபத்துதான், இது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் 2018 ஜனவரி முதல் பதிவாகும் புதிய டீசல் வண்டிகள் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். அதனால் அவற்றில் டிபிஎஃப் இருக்கும். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசலைப் பாய்ச்சும். அந்த வேலை பாதியில் நின்றுபோனால் எரியாத டீசல் கொஞ்சம் எண்ணெயோடு கலந்துவிடும். குட்டிக் குட்டித் தூரமாக ஓட்டி, அடிக்கடி இன்ஜினை அணைத்துப் போடும் வண்டிகளில் இப்படி ஆகி, எண்ணெய் மேல்குறியைத் தாண்டி நிற்கும். நீர்த்துப்போன எண்ணெய் அது. சர்வீஸ் விளக்கு எரியாவிட்டாலும் மாற்றச் சொல்லுங்கள்.

கிலோமீட்டர் மட்டும் போதாது

ஜப்பானிய டீசல் பிக்கப்களின் கையேட்டில் பெரும்பாலும் 5,000 அல்லது 10,000 கி.மீ., இல்லையென்றால் 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். இந்தக் கணக்கில் நம்முடைய ஓட்டம் சரியாகப் பொருந்துவதில்லை. துவாஸிலிருந்து சாங்கி வரை போனாலும் 50 கி.மீ. பக்கம்தான். ஆனால் காலையில் டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், ஆள் ஏற்றும்போதே இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும். பிஐஇ எக்ஸ்பிரஸ்வே நெரிசலில் ஊர்ந்து, சைட் வாசலில் பாஸ் வாங்க நின்று, சாமான் இறக்கும்வரை ஏர்கானும் ஓடிக்கொண்டிருக்கும். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜினும் எண்ணெயும் உழைத்துக்கொண்டே இருக்கும். கையேட்டின் சர்வீஸ் பக்கத்தில், கடினமான பயன்பாட்டுக்கு என்று இன்னொரு அட்டவணை இருக்கும். கட்டுமான வேலைக்கு ஓடும் பிக்கப் எல்லாம் அந்த அட்டவணையில்தான் சேரும். விளக்கு எரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்வது இதனால்தான்.

நிறுத்திவைத்த வண்டியில் காரணமில்லாமல் இன்ஜினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். மதிய நேரம் ஏர்கானில் கண்ணயர்வது சுகம்தான். அபராதச் சீட்டு வந்தால் அது யார் சம்பளத்தில் கழியும் என்பது உங்களுக்கே தெரியும்.

ரீசெட் செய்யும் முறை

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வையுங்கள். சாவித் துவாரத்தில் லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்று நான்கு நிலை உண்டு. கீழே ‘ஆன்’ என்று சொல்வதெல்லாம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் எரியும் நிலை. புஷ் ஸ்டார்ட் வண்டியென்றால் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பொதுவாக அந்த நிலை வரும்.

டொயோட்டாவில், திரை மெனு இல்லாத பழைய மீட்டருக்கு வழி இது:

1. சாவியை ஆன் செய்து, மீட்டரில் இருக்கும் ட்ரிப் பொத்தானை (பயணத் தூரம் காட்டும் பொத்தான்) தட்டித் தட்டி ‘ட்ரிப் ஏ’ வரும்படி வையுங்கள். சில மாடல்களில் மொத்தத் தூரம் காட்டும் ‘ஓடோ’வில் வைக்க வேண்டியிருக்கும்.
2. சாவியை ஆஃப் செய்யுங்கள்.
3. ட்ரிப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டார்ட் வேண்டாம்.
4. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். மீட்டரில் கோடுகளோ எண்களோ ஓடி, கடைசியில் 000000 என்று வரும். விளக்கு அணையும். அதற்கப்புறம் விடுங்கள்.
5. ஆஃப் செய்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

இதில் பலர் சறுக்குவது மூன்றாவது படியில். சாவியைத் திருப்பும் கை சற்று வேகமாகப் போனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். திருப்பும் நேரத்தில் மற்ற விரல் பொத்தானிலிருந்து நழுவிவிடும். ஸ்டியரிங் இடுக்கில் கையை விட்டுப் பொத்தானைப் பிடிக்க வேண்டியிருப்பதால், முதலில் இடது கை பொத்தானில் வசதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைத் தொடுங்கள். இன்னொன்று: ட்ரிப் ஏ எண்ணை வைத்து டீசல் கணக்கு எழுதும் கம்பெனியாக இருந்தால், முன்கூட்டியே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட்டோடு சேர்ந்து அதுவும் பூஜ்யமாகிவிடலாம்.

ஆன் செய்ததும் விளக்கு சில விநாடி எரிந்து அணைவது, பல்பு வேலை செய்கிறதா என்று வண்டி தானே பார்த்துக்கொள்வது. அதைப் பார்த்து ‘ரீசெட் ஆகவில்லை’ என்று திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

2015க்குப் பிறகு வந்த ஹைலக்ஸில் வண்ணத்திரை இருந்தால் ஸ்டியரிங்கில் உள்ள அம்புப் பொத்தான்களால் செட்டிங்ஸ் மெனுவுக்குப் போய், மெயின்டனன்ஸ் அல்லது ஆயில் என்று வரும் வரியைத் தேர்ந்து உறுதி செய்ய வேண்டும். நிசான் நவாராவும் இதே பாணிதான்: செட்டிங்ஸ், மெயின்டனன்ஸ், அதற்குள் எண்ணெய்க்கும் டயருக்கும் தனித்தனி வரி இருக்கும். எண்ணெய் மாற்றிய அன்று டயர் வரியையும் சேர்த்து ரீசெட் செய்துவிடாதீர்கள். இசுசு டி-மேக்ஸிலும் திரை உள்ளவற்றுக்கு மெனு வழிதான், பொத்தான் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும்.

மிட்சுபிஷி டிரைட்டனின் முறை கொஞ்சம் வேறு. இக்னிஷன் ஆஃபில் இருக்கும்போதே மீட்டர் பொத்தானைச் சில முறை மெதுவாகத் தட்டினால், ஸ்பேனர் படத்தோடு அடுத்த சர்வீஸுக்கு மீதமுள்ள தூரமும் மாதமும் வரும். அந்தத் திரையில் பொத்தானை 2 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஸ்பேனர் மின்ன ஆரம்பிக்கும். மின்னும்போதே இன்னொரு முறை லேசாகத் தட்டினால் ‘கிளியர்’ என்று வந்து, அடுத்த சர்வீஸ் வரைக்கான எண்கள் புதிதாகத் தெரியும். மின்னி முடிந்த பிறகு தட்டினால் ஒன்றும் நடக்காது, திரும்ப முதலிலிருந்துதான்.

ஃபோர்டு ரேஞ்சரில் கைக்கு வேலையில்லை, காலுக்குத்தான். ஆன் நிலையில் வைத்து, பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டையும் ஒன்றாக அடிவரை மிதித்துப் பிடிக்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் ரீசெட் முடிந்தது என்று திரையில் வரும். இன்ஜின் ஓடவில்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு மிதியுங்கள்.

இணையத்தில் வீடியோ தேடுகிறவர்களுக்கு: கிடைப்பவற்றில் பல அமெரிக்காவின் டொயோட்டா டகோமாவுக்கும் டன்ட்ராவுக்கும் எடுத்தவை. அங்கே 5,000 மைல் கணக்கில் விளக்கு எரியும். அந்த வண்டிகள் நம் கம்பெனி யார்டுகளில் ஓடுவதில்லை. முறை ஒத்துப்போகும் இடமும் உண்டு, போகாத இடமும் உண்டு. கிளவ் பாக்ஸில் இருக்கும் கையேட்டையே முதலில் பாருங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தாலும் படம் பார்த்தே பாதி புரிந்துவிடும்.

அணையாமல் அடம் பிடித்தால்

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ட்ரிப் ஏக்குப் பதில் பியில் வைத்திருப்பீர்கள். பொத்தானைச் சீக்கிரம் விட்டிருப்பீர்கள். அல்லது அது சர்வீஸ் விளக்கே இல்லை. முதல் இரண்டையும் சரிபார்த்தும் அணையவில்லை என்றால் மேலே சொன்ன விளக்குப் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் அணையும் என்று யாராவது சொல்வார்கள். கணக்கு பெரும்பாலும் நினைவகத்தில் பதிந்திருப்பதால் அது அணையாது. ரேடியோவும் கடிகாரமும்தான் அழியும். கம்பெனி வண்டியில் வயரைத் தொடுவதற்குக் கேள்வியும் வரும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்களும் இதற்கு அவ்வளவு உதவாது. கோளாறுக் குறியீட்டைப் படிப்பதற்கு அவை சரி. தெரியாமல் அழித்துவிட்டால் மெக்கானிக் பார்க்க வேண்டிய தடயம் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது

காக்கி புக்கிட், சின் மிங், உபி பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாலும், எண்ணெய் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டீசல் ஹைலக்ஸுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் பிடிக்கும். ஒரே ஒரு 4 லிட்டர் கேனைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்றால் கேளுங்கள். பல இடங்களில் டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றுவார்கள். அப்போது டிப்ஸ்டிக்கைக் காட்டச் சொல்லலாம். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், ஜப்பானிய வண்டிகளுக்குக் கையேட்டில் ‘ஜாசோ டிஎல்-1’ என்ற தரக்குறி இருக்கலாம். பழைய வண்டிக்கு ஊற்றும் எண்ணெயையே இதற்கும் ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் வடிகட்டியையும் மாற்றினார்களா என்று பாருங்கள், பழையதைக் கையில் காட்டுவார்கள்.

கிளம்புமுன் ஒரு வாக்கியம்: “பாஸ், சர்வீஸ் லைட் ரீசெட் ஆல்ரெடி ஆ?” அவர்களே செய்துவிடுவார்கள், அரை நிமிட வேலை. மறந்துபோய் வந்துவிட்டால் மேலே சொன்ன முறையில் நீங்கள் செய்யலாம், அன்றைக்கே செய்யுங்கள். பத்து நாள் கழித்துச் செய்தால் அடுத்த நினைவூட்டலும் அவ்வளவு தள்ளிப்போகும்.

எண்ணெயை நாமே மாற்றிச் செலவைக் குறைக்கலாமே என்று யார்டில் பேச்சு எழும். எச்டிபி (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் பார்க்கில் வைத்துச் செய்யாதீர்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் மாட்டிக்கொள்வது ஊற்றிய ஆள்தான், யோசனை சொன்னவர் இல்லை.

வண்டிகளுக்கான கட்டாய ஆய்வுக்குப் போன வண்டிதானே, எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பதும் தவறு. சரக்கு வண்டிகளுக்கு 10 ஆண்டு வரை ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஆய்வு உண்டு. அங்கே பிரேக், விளக்கு, டயர், புகை போன்றவற்றைப் பார்ப்பார்கள். எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ரீசெட் ஆனதும் மீட்டரைத் தெளிவாக ஒரு படம் எடுங்கள்: ஓடோமீட்டர் எண் தெரிய வேண்டும், விளக்கு அணைந்திருப்பதும் தெரிய வேண்டும். பில்லையும் சேர்த்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வண்டி எண்ணோடு போடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் அடுத்த கிலோமீட்டரை எழுதிச் சன் வைசரின் பின்பக்கம் ஒட்டிவிடலாம். அங்கே வெயில் படாது, மை மங்காது.

கடைசியாக, வாடகை வண்டி. பல கம்பெனிகள் பிக்கப்பை லீஸுக்குத்தான் எடுத்திருக்கும்; கதவில் உங்கள் கம்பெனிப் பெயர் இருப்பதால் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியில் சர்வீஸ் விளக்கு எரிந்தால் நீங்கள் பொத்தானைத் தொடவே வேண்டாம். சர்வீஸ் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வாடகைக்கு விட்டவர்களுடையதாக இருந்தால் அவர்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். நீங்கள் அணைத்துவிட்டு, பின்னால் இன்ஜினில் ஏதாவது வந்தால் விளக்கை அணைத்தது யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். விளக்கு எரியும்போதே மீட்டரைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டு, அவர் பதில் வரும்வரை அப்படியே எரியட்டும் என்று விட்டுவிடுங்கள்.